பதினோராவது கட்டுமரம்

எனக்கு அழுக்கு ஆகாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் லென்ஸில் விரல் பதித்துவிட்டால், அன்று முழுவதும் என் வாயிலிருந்து அவனுக்கு விடுதலை கிடையாது. அம்மாவுக்கு இதில் பெருமை வேறு. என் பெண் கை வைத்த இடம் பளிச்சென்று இருக்கும் என்று மஞ்சக்குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தச் சுத்தம்தான் ஒரு மனிதரின் காலை ஒடித்தது. அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தினமும் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துக் கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்துக்குப் போய், அங்கிருந்து பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் போவேன். ஓ.டி. துறைமுகத்தில் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. ஒரு மைலுக்கு மேல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு ஏற்றிய படகுகளைக் கயிற்றில் கோத்து, லாஞ்சு என்கிற இயந்திரப் படகு ஒன்று ஆற்று முகத்துவாரம் வழியாகக் கப்பலுக்கு இழுத்துப்போகும்.

அந்த வேலையை நடத்திவந்த கப்பல் ஏஜெண்டு ஒருவர், உடைக்கப் போட்டிருந்த ஒரு பழைய கப்பலிலிருந்து ரேடாரை வாங்கிவந்து தன் ஆபீஸ் மொட்டைமாடியில் நிறுத்திவிட்டார். மார்கழிப் பனியிலும் லாஞ்சு ஓட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ரேடாரை வாங்கியாயிற்று, சரிசெய்து கொடுக்கத் தெரிந்த ஆள் இல்லை. எங்கள் கல்லூரிக்குக் கடிதம் வந்தது. பேராசிரியருக்கு மாடிப்படி என்றால் முழங்கால் ஒத்துழைக்காது. "நீதான் அந்த வழியா தினம் போறியே" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

ரேடார் செய்வது ஒன்றும் மாயவித்தை இல்லை. மாடியில் சுற்றும் ஏரியல், ரேடியோத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது எதிலாவது பட்டுத் திரும்பினால், இருட்டறையில் இருக்கும் வட்டத் திரையில் அதே திசையில் ஒரு புள்ளி விழும். நடுவில் இருப்பது நாம். கப்பல் என்றால் கொழுத்த புள்ளி. தொல்லை என்னவென்றால் அலைகளும் துடிப்பைத் திருப்பி அனுப்பும். கரைக்குப் பக்கத்துக் கடல் முழுவதும் ஆயிரம் பொடிப்புள்ளிகளாக மினுக்கிக்கொண்டிருக்கும். திரையைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா அதற்குப் 'பொரி' என்று பேர் வைத்திருந்தார். பொரியை இறைத்த மாதிரிதான் இருந்தது.

அதை அடக்க ஒரு திருகு உண்டு. பக்கத்திலிருந்து வரும் மெல்லிய எதிரொலிகளையெல்லாம் அது அமுக்கிவிடும். திருகத் திருகப் பொரி குறையும். நான் விடுவேனா? ஒரு புள்ளிகூட மிச்சமில்லாமல் கடல் கன்னங்கரேலென்று ஆகும்வரை திருகினேன். ஆபீஸ் மேனேஜர் எட்டிப் பார்த்து, "அலசி வுட்ட மாதிரி இருக்குங்களே மேடம்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திருகு நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, "இத யாரும் தொடக் கூடாது" என்று குமாஸ்தாவை மிரட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

கட்டுமரம் என்று ஒன்று இருப்பதே அன்று என் நினைவுக்கு வரவில்லை. கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். தினமும் ரயில் ஏறும் ஊரில்தான் அவர்கள் குப்பம். இருந்தும் வரவில்லை.

பத்து நாள் போனது. பனி கொட்டிய ஒரு விடியற்காலை. லாஞ்சை ஓட்டும் சராங் பரங்கிப்பேட்டைக்காரர், ஓ.டி.யில் எல்லோருக்கும் பாய். முகத்துவாரத்தில் லாஞ்சை நிறுத்திவிட்டு வயர்லெஸ்ஸில் குமாஸ்தாவிடம் வழி கேட்டிருக்கிறார். குமாஸ்தா திரையைப் பார்த்திருக்கிறார். "ஒண்ணுமில்ல பாய், க்ளீனா இருக்கு, வாங்க." பாய் போனார். முந்நூறு கஜம் தாண்டுவதற்குள் லாஞ்சுக்கு அடியில் கட்டை உடையும் சத்தம். பாயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கட்டுமரத்தில் இருந்த ஆளைத் தூக்கி வந்தார். உயிர் பிழைத்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

இது எனக்கு ஆபீஸ் மூலமாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று நாளாக ஆளைக் காணோமே என்று அம்மா கேட்டதற்கு, வாசலில் கூடையை இறக்கியபடி சொன்னாள். "வூட்டுக்காரருக்குக் காலு ஒடஞ்சி போச்சிம்மா. லாஞ்சு ஏறிடுச்சி. ஆபீஸ்ல என்னமோ மிஷினு வச்சிருக்காங்களாம். எவளோ ஒரு பொம்பள வந்து அதத் திருவி வுட்டுட்டுப் போயிட்டாளாம். கட்டுமரம் ஒண்ணும் அதுல தெரியலியாம்."

நான் கூடத்தில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பின்னல் பாதியில் நின்றது. அப்படியே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசலுக்கு வந்து, "அந்தப் பொம்பள நான்தாங்க" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"நீங்களா? அப்ப நீங்களே சரி பண்ணிக் குடுங்க. எங்க வூட்டுக்காரரு காலு கூடிப்போவும். எங்க சனம் என்னா பண்ணும்? மாசி பொறந்தா காலையில எட்டு மணி வரைக்கும் முகத்துவாரத்துல ஒரு கட்டுமரம் இருக்கக் கூடாதுன்னு ஆர்டர் போடப் போறாங்களாம். நாலு மணிக்குப் போனாத்தான் ஏழு மணிக்கு மீனு கரையில. எட்டு மணிக்கு மேல போயி என்னாத்தப் புடிக்கிறது? சிதம்பரம் வண்டி போயிடும். வண்டி போயிட்டா மீன யாரு வாங்கறது?"

அன்றைக்கே ஆபீஸ் படி ஏறினேன். மேனேஜர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். கட்டுமரத்தை இயந்திரம் காட்டாது என்றால் கட்டுமரம் வழியில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. துறைமுக அதிகாரி தை மாசக் கடைசியில் வந்து பார்த்து முடிவு சொல்வார், அதுவரை லாஞ்சு பனி விலகின பிறகுதான் போகும் என்றார். "இயந்திரம் காட்டிட்டா?" என்று கேட்டேன். "காட்டிட்டா ஆர்டர் எதுக்குங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "தை முடியறதுக்குள்ள காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

மறுநாளிலிருந்து நாலரை மணிக்கு மாடியில் இருப்பேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே துணைக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து ஜெபம் சொல்வாள். ஏழரைக்கு ரயில். முதலில் சிவப்புக் கோட்டை அழித்து, திருகை முழுவதும் தளர்த்தினேன். கட்டுமரங்கள் பொரிக்குள் மூழ்கின. கொஞ்சம் இறுக்கினேன். பொரியோடு சேர்ந்து அவையும் போயின. எங்கே நிறுத்தினாலும் இதே கதை. நனைந்த நாலு மரக்கட்டை, அதன்மேல் குந்தியிருக்கும் ஒரு ஆள். தண்ணீருக்கு மேல் அது எவ்வளவு உயரம் வந்துவிடும்? ஒரு கட்டுமரத்தின் எதிரொலியும் ஒரு அலையின் எதிரொலியும் ஏறக்குறைய ஒன்றுதான். இயந்திரத்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தபிறகு தெளிவு வந்தது. திருகில் ஒன்றுமில்லை. கட்டுமரத்தைத்தான் உரக்கப் பேச வைக்க வேண்டும்.

மூன்று தகரத் தகடுகளை ஒன்றுக்கொன்று நேர் செங்குத்தாகச் சேர்த்தால் ஒரு மூலை கிடைக்கும். அதற்குள் எந்தச் சாய்வில் துடிப்பு வந்து விழுந்தாலும், அந்த மூலை அதை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். கையகலத் தகரம் ஒரு பெரிய படகு அளவுக்குத் திரையில் தெரியும். பாடத்தில் இருக்கிற விஷயம்தான். சிதம்பரம் மேலவீதியில் ஒரு தகரக் கடைக்காரரிடம் மண்ணெண்ணெய் டின்களை வெட்டச் சொன்னேன்.

"என்னாம்மா இது, பொட்டியா, மூடியா?"

"ரெண்டும் இல்லீங்க. மூலை."

"மூலைய மட்டும் வாங்கறவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். ஒவ்வொரு மூலையிலும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, முடியளவு சாய்ந்திருந்தாலும் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் என்னைக் கண்டதுமே கடைக்குள் போய்விட்டார். ஆனாலும் செய்து கொடுத்தார், பன்னிரண்டு.

ஒன்றை மூங்கிலில் கட்டி, பாயிடம் கொடுத்து, சின்ன ஓடத்தில் தூரமாகப் போய் நிற்கச் சொன்னேன். பொரிக்கு நடுவே குண்டூசித் தலை மாதிரி ஒரு புள்ளி, அணையாமல் அசையாமல் நின்றது. இருட்டறையில் யாரும் பார்க்கவில்லை என்று குதித்தேன். பன்னிரண்டையும் அன்றே குப்பத்துக்கு அனுப்பிவைத்தேன்.

அடுத்த நாள் காலை திரையில் ஒன்றுமில்லை. பொரிதான். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உயிரைக் கொடுத்துச் செய்து கொடுத்தால் வீட்டு மூலையில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, நேராகக் குப்பத்துக்குப் போய்க் கால் ஒடிந்தவரின் வீட்டு முன்னால் நின்று கத்தினேன். காலில் மூங்கில் பத்தை கட்டி உட்கார்ந்திருந்தவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தகரத்தை வரவழைத்து என் கையில் கொடுத்தார்.

"தெனம் கொண்டுக்கிட்டுத்தான் போறாங்க. பாருங்க."

பார்த்தேன். கூரான முனை, விளிம்பு எல்லாவற்றையும் சுத்தியால் தட்டி, அழகாக உருட்டி மடக்கியிருந்தார்கள். தட்டின தட்டில் தகடுகள் வளைந்து, மூலை வாய் பிளந்திருந்தது. ஒன்றைத் தவிர எல்லாம் இதே கதி. முடியளவு சாயக் கூடாது என்று தகரக்காரரின் பிராணனை வாங்கிய என் மூலைகள்!

"ஏன்?" என்று அலறினேன்.

அவர் பக்கத்தில் கிடந்த வலையை என் மடியில் எடுத்துப் போட்டார். புது நைலான் வலை, அந்தக் குப்பத்துக்கு அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. நான் கொடுத்தபடியே மிச்சமிருந்த அந்த ஒரு தகரத்தை எடுத்து, சும்மா அதன்மேல் வைத்து இழுத்தார். சர்ரென்று முழ நீளத்துக்குக் கிழிந்தது.

"கட்டுமரத்துல எடமே இவ்ளோதான். வல மேலதான் குந்தறது, வல மேலதான் நிக்கறது. இந்த முனைய வச்சிக்கிட்டு எங்க போறது? நல்லதுக்குத்தான் குடுத்தீங்கன்னு முனைய மட்டும் எடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போனாங்க."

அவர்கள் தகரத்தைக் கெடுக்கவில்லை, வேலைக்கு ஏற்றதாகச் செய்திருக்கிறார்கள். கடலில் கிடக்க வேண்டிய சாமானை நான் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒரு தடவை கட்டுமரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மறுபடியும் பார்க்காமலே ஒரு வேலையைச் செய்திருக்கிறேன் என்பதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

மீன்காரம்மாள் அடுப்படியிலிருந்து, "ஒரு சாக்குல போட்டுக் கட்டிடுங்களேன்" என்றாள். மூடிவிட்டால் எப்படித் தெரியும் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணிக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத்தான் தெரியாது, ரேடாருக்குத் துணி ஒரு தடையே இல்லை! சாக்கில் போட்டுப் பார்த்தோம், திரையில் புள்ளி ஜோராக விழுந்தது. கடலில் ஒரு முக்கு முக்கி எடுத்ததும் மங்கிவிட்டது. ஈரச் சாக்கு துடிப்பைக் குடித்துவிடுகிறது. தண்ணீர் ஒட்டாத துணி வேண்டும். அன்று மாலை வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்திருந்த மெழுகுசீலையை அம்மாவைக் கேட்காமலே கத்தரித்தேன். ரோஜாப்பூ போட்டது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை, ஆனால் மூன்றாம் நாள் அவளே தையல் மெஷினில் உட்கார்ந்து மிச்சப் பைகளைத் தைத்துக் கொடுத்தாள். தகரக்காரர் மறுபடியும் பன்னிரண்டு மூலை செய்தார்.

பொங்கல் கழிந்த வாரத்தில் ஓ.டி. கட்டுமரங்கள் ரோஜாப்பூப் பையை மூங்கிலில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போயின. அதைப் பார்த்து லாஞ்சு ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரையில் புள்ளி புள்ளியாக எல்லாம் தெரிந்தன. பொரியை நான் முழுக்கத் துடைக்கவில்லை, பாதி விட்டுவைத்தேன். கண்ணுக்கு உறுத்தத்தான் செய்தது, பழகிக்கொண்டேன்.

இருந்தும் ஒரு குறை. ஆறு புள்ளி தெரிகிறது என்றால், போனது ஆறா ஏழா? அதற்காக மீன்காரம்மாளை மாடிக்கு வரச் சொன்னேன். மாடிக்கு நேர் கீழேதான் முகத்துவாரம், எல்லாக் கட்டுமரமும் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். பனியில் கண் தெரியாவிட்டாலும் துடுப்புச் சத்தத்தைக் கேட்டே இத்தனை என்று சொல்லிவிடுவாள். ஒரு நாளும் கணக்குத் தப்பவில்லை.

தை மாசக் கடைசியில் அதிகாரி வந்தார். அதிகம் பேசாதவர். அன்று பனியோடு காற்றும் சேர்ந்து கடல் கொந்தளித்தது. திரையெல்லாம் பொரி. இப்படி அசிங்கமாக இருக்கிறதே என்று மேனேஜர் திருகின் பக்கம் கையைக் கொண்டுபோனார். "கைய எடுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அதிகாரியே ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அன்றைக்குப் பத்துக் கட்டுமரம் போகும் என்று குப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதிகாரி காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் ஒவ்வொன்றாக எண்ணினார். பத்து. இரண்டாம் முறை எண்ணினார். பத்தேதான்.

"ரொம்ப நல்லதும்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் வயர்லெஸ்ஸில் பாயைப் புறப்படச் சொன்னார். நாலு சரக்குப் படகுகளை இழுத்துக்கொண்டு லாஞ்சு நகர்ந்தது.

பின்னாலிருந்து மீன்காரம்மாள் சொன்னாள்: "பதினொண்ணு போச்சிங்க."

எல்லோரும் திரும்பினோம். "லிஸ்ட்ல பத்து, திரையில பத்து. நீ சரியா எண்ணலம்மா" என்றார் மேனேஜர்.

"எண்ணினேன். கடசியா ஒண்ணு தனியாப் போச்சி. ஒத்தத் துடுப்பு. நிறுத்தி நிறுத்திப் போட்டாங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சும்மா இருந்தால் போதும், ஆர்டர் இல்லை, குப்பம் பிழைத்தது. நிறுத்தச் சொன்னால், இயந்திரம் ஒன்றைக் காட்டவில்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. தை முழுவதும் பட்ட பாடு ஒரு வார்த்தையில் போய்விடும். உண்மையைச் சொல்கிறேன், அவள் தப்பாக எண்ணியிருக்கக் கூடாதா என்று ஒரு மூச்சு நேரம் ஆசைப்பட்டேன். திரையில் லாஞ்சுக்கு முன்னால் பொரி மினுக்கிக்கொண்டிருந்தது. அதில் எது அலை, எது ஆள்?

மேனேஜர் கையிலிருந்து வயர்லெஸ்ஸைப் பிடுங்கினேன். "பாய், நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க."

"ஏன் டீச்சரம்மா, க்ளீனா இல்லியா?"

"இல்ல பாய். ஒண்ணு எனக்குத் தெரியல."

இன்ஜின் சத்தம் அடங்கியது. இழுபட்டு வந்த படகுகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும் சத்தம் கரைவரை கேட்டது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாய் சங்கை ஊதினார். ஊதிவிட்டு நிறுத்தினார். அப்புறம் வயர்லெஸ்ஸில் பாயின் குரல் மெதுவாக வந்தது.

"டீச்சரம்மா, ஒரு கொரல் கேக்குது. எம் மூக்குக்கு நேரா, நாப்பது கஜத்துல. தகரம் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒத்த ஆளு. கால நீட்டிக்கிட்டு குந்தியிருக்காரு. அல்லாவே, இது அவருதான், மறுபடியும் அவரேதான்!"

கால் ஒடிந்தவர்தான். உடைந்த கட்டுமரத்தை யாருக்கும் தெரியாமல் மறுபடி கட்டி, மனைவி எண்ணுவதற்காக மாடிக்கு வந்த நேரம் பார்த்து, பத்தைக் கட்டோடு புறப்பட்டிருக்கிறார். வீட்டில் முடங்கிக் கிடக்க முடியவில்லையாம். லிஸ்டில் அவர் பேர் இல்லை. அவருக்கென்று தகரமும் இல்லை. தன் புருஷனின் துடுப்பு என்று தெரியாமலே அவள் எண்ணியிருக்கிறாள்.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். எழுதினதை எங்களுக்குப் படித்தும் காட்டினார். கட்டுமரங்கள் வழக்கம்போல் எந்த நேரமும் போகலாம். பனிக் காலத்தில், முகத்துவாரத்தைத் தாண்டிய எண்ணிக்கையும் திரையில் தெரியும் எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகுதான் லாஞ்சு நகர வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் லாஞ்சு காத்திருக்க வேண்டும்.

"எண்ணறதுக்கு நம்ம குமாஸ்தாவப் போட்டுடறேன் சார்" என்றார் மேனேஜர்.

அதிகாரி மீன்காரம்மாள் நின்ற இடத்தைப் பார்த்தார். அங்கே அவள் இல்லை. கீழே படித்துறையில், இடுப்புவரை தண்ணீரில் நின்றுகொண்டு, திரும்பி வரும் லாஞ்சைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். "ஒடஞ்ச கால வச்சிக்கிட்டு யாரக் கேட்டுப் போன? யாரக் கேட்டுப் போனய்யா?" கத்திக்கொண்டே அழுதாள். நானும் மாடியில் நின்று அழுதேன்.

அதிகாரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, உரக்கக் கேட்டார்: "ஏம்மா, தெனமும் நீங்களே எண்ணறீங்களா?"

அவள் தலையைத் திருப்பவே இல்லை.

"எண்ணறேன். மொதல்ல இந்தாள எறக்கி வுடச் சொல்லுங்க."